இடியப்பத் தட்டில் எஞ்சின்

எஞ்சினைக் கழற்றுவது பெரிய காரியம் இல்லை. கையில் ஸ்பேனரும் நெஞ்சில் துணிச்சலும் இருக்கிற எவனும் கழற்றிவிடுவான். பூட்டுவதில்தான் இருக்கிறது சங்கதி. மாத்தளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம் ஆறுமுகநாதனுக்கு மட்டும் தெரியாமல் போனது எங்கள் லேன் செய்த பாவம்.

மார்கழி விடுமுறை தொடங்கிய முதல் கிழமையே அவர் காரின் ஹெட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். சட்டையெல்லாம் கறுப்பு எண்ணெய். முகத்தில் பேரப்பிள்ளை பிறந்த களை.

"இஞ்சேரும், பாரும். கழட்டிப்போட்டன்."

மீனாம்பிகை டீச்சர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"சந்தோசம். பூட்டிட்டு வந்து சொல்லுங்க."

ஆறுமுகநாதன் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலையாகி மாத்தளைக்கு வந்து, எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து படித்து டீச்சரான மீனாம்பிகையைக் கட்டி, இங்கேயே வேரூன்றிவிட்டவர். ஊர் மாறியும் அவருடைய நாக்கு மாறவில்லை. டீச்சரின் நாக்கும் மாறவில்லை. அந்த வீட்டில் சண்டை நடந்தால் இரண்டு ஊர்த் தமிழும் காதுக்குக் கிடைக்கும்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று உலகத்தில் மிஞ்சிய வேலை ஒன்றுதான். காலையில் மனைவியைக் காரில் ஏற்றி எல்கடுவ மலைக்குக் கொண்டுபோய்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அங்கேயே தேத்தண்ணிக் கடையில் பேப்பரும் அரசியலுமாகக் குந்தியிருந்து, பள்ளி விட்டதும் ஏற்றிக்கொண்டு வருவது. கடைக்காரன் அவருக்கென்று தனிக் கோப்பையே வைத்திருந்தான். அந்தக் காரோ, ஜப்பான்காரன் செய்து அனுப்பியதை அவனே மறந்துபோயிருக்கக்கூடிய அளவுக்குப் பழையது. பள்ளித் தவணையின் கடைசி நாள், மலை ஏறும்போது ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் கொதித்து, ஆவி விட்டு, நடு ரோட்டில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பவாஸ், மிளகு ஏற்றுகிற தன் குட்டி லொறியில் கயிறு கட்டி இழுத்து வந்தான்.

"ஹெட் கேஸ்கட் போயிட்டுது சேர்," என்று பவாஸ் அப்போதே சொன்னான். "எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பாஸ் ஒருத்தர் ஈக்கார். நல்ல மனிசன். சொல்லட்டா?"

"வேண்டாம். நானே செய்வன்."

"சேர், இது எஞ்சின் வேல."

"நான் திணைக்களத்தில எத்தனை பம்ப் கழட்டிப் பூட்டினனான், தெரியுமே? பம்பும் எஞ்சினும் ஒண்டுதான். ஒண்டு தண்ணியை இழுக்கும், மற்றது எங்களை இழுக்கும்."

பவாஸ் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் வானத்தைப் பார்த்தாள்.

எஞ்சின் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அடியில் இருக்கிற கனத்த இரும்புக்கு மேலே மூடி மாதிரி உட்காருவது ஹெட். இரண்டுக்கும் இடையில் தண்ணீரும் எண்ணெயும் நெருப்பும் கலந்துவிடாமல் காக்கிற தகடுதான் கேஸ்கட். அது எரிந்துபோனால் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி மட்டமாக்கி, புதுக் கேஸ்கட் வைத்துப் பூட்ட வேண்டும். தெரிந்தவன் கையில் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் வேலை. ஆறுமுகநாதன் கையில் அது ஒரு விடுமுறையை முழுதாகத் தின்றது.

விடுமுறை போனால் போகட்டும் என்று விட முடியாத ஒரு விஷயமும் இருந்தது. ஐப்பசி மழைக்கு எல்கடுவ ரோட்டில் மண் சரிந்ததிலிருந்து பெரிய பஸ் பள்ளிக்கூடம் வரைக்கும் போவதில்லை. கீழேயே இறக்கிவிடும். மிச்ச ஏற்றத்தைச் சேறும் கல்லுமாக நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரி டீச்சர். இதைக் கேள்விப்பட்டு வலயக் கல்விக் காரியாலயத்தில் இரக்கப்பட்டு, டவுனிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் தருகிறோம் என்றார்கள். ஆனால் டீச்சர் கையில் பிறக்கிற வருஷம் ஐந்தாம் வகுப்பு, ஆவணியில் புலமைப் பரிசில் பரீட்சை. தான் படித்த அதே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையாவது பாஸ் பண்ணி டவுனுக்குப் போக வேண்டும் என்று பல வருஷமாகத் தவம் கிடப்பவள். பொங்கல் கழிந்து பள்ளி திறக்கிற திங்கட்கிழமை முடிவு சொல்லுங்கள் என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டிருந்தார்.

டீச்சர் இதைப் புருஷனிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"இங்க பாருங்க. கார் ஓடுனா எல்கடுவ. ஓடாட்டி டவுன் ஸ்கூல். என்னால அந்தச் சேத்துல நடக்க முடியாது. அந்தப் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

"திங்கக்கிழமை விடிய நீர் கார்லதான் போறீர்."

"எந்த வருஷத்துத் திங்கக்கிழமை?"

அடுத்த நாள் விடிய டீச்சர் மா குழைத்து வைத்துவிட்டு இடியப்பத் தட்டுகளைத் தேடினாள். அலமாரியில் இல்லை. அடுப்படியில் இல்லை. முன்பக்கத் தகரக் கொட்டகையில், காருக்குப் பக்கத்தில், நிலத்தில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு தட்டிலும் வால்வுகள், ஸ்பிரிங்குகள், பெயர் தெரியாத குட்டி இரும்புகள். எல்லாம் மண்ணெண்ணெயில் குளித்து மினுங்கின.

"என்னங்க இது!"

"தொடாதையும், தொடாதையும்! ஒவ்வொண்டும் கழட்டின இடத்துக்குத்தான் திரும்பப் போகவேணும். மாறினா எஞ்சின் கெட்டுது. அதுதான் தட்டுத் தட்டா வெச்சிருக்கிறன்."

"அதுக்கு நான் இடியப்பம் அவிக்கிற தட்டுதான் கெடச்சுதா?"

"பிறகு கழுவித் தரலாம்."

"மண்ணெண்ண நாத்தம் கழுவுனா போயிடுமா? அதுல அவிச்சதத் தின்னுட்டு நீங்க ஏப்பம் விட்டா, பக்கத்துல ஒருத்தரும் நெருப்புக்குச்சி கிழிக்க ஏலாது!"

மதிலுக்கு மேலே பவாஸின் மனைவி ஜெஸ்லாவின் தலை தெரிந்தது. சத்தம் கேட்ட இடத்தில் அந்தத் தலை தெரியாமல் இருந்ததில்லை.

"டீச்சர், எங்கட ஊட்டுல இடியப்பத் தட்டு ஈக்கி. தரட்டா?"

"வேணாம் ஜெஸ்லா. அதையும் இவரு எஞ்சினுக்கு எடுத்துக்குவாரு."

குழைத்த மா ரொட்டியாயிற்று. அன்று தொடங்கி அந்த வீட்டில் காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும், இரவில் கடைப் பாணும் பருப்பும். இடியப்பம் என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.

தட்டோடு நின்றதா? குளிக்கிற வாளி பழைய எஞ்சின் ஒயில் பிடிக்கப் போனது. பல் துலக்கும் பிரஷ் கரி சுரண்டப் போனது. டீச்சரின் உள்பாவாடை ஒன்று கொடியிலிருந்து காணாமல் போய், இரண்டு நாள் கழித்து நான்கு துண்டாகக் கொட்டகையில் அகப்பட்டது. ஃபிரிட்ஜ் கதவில் கறுப்பு விரல், யன்னலில் கறுப்பு விரல், சாமிப் படத்துக்குக் கீழே சுவிட்சில் கறுப்பு விரல். போதாததற்கு மழையும் சேர்ந்துகொண்டது. தை பிறக்கும்வரை விடாத தூறல். மலைப்பக்கம் ஒரே பனிப்புகார். உலராத துணியின் ஈர நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும் கலந்து வீட்டுக்குள்ளே படுத்திருந்தது.

பிறகு இந்திரகுமார் வந்தான். டீச்சரின் தம்பி. சீகிரியாவில் ஹோட்டல் வேன் ஓட்டுகிறவன். லீவில் வந்தவன், அக்காவுக்கு உதவலாம் என்றுதான் வந்தான். வந்து, சப்பாத்தைக் கழற்றுமுன் போனை எடுத்தான்.

"மச்சான், இதெல்லாம் இப்ப யூடியூப்ல இருக்கு. ஒரு பாகிஸ்தான்காரன் ரோட்டோரத்துல வெச்சே எஞ்சினைக் கழட்டிப் பூட்டுறான். செருப்புக்கூட போடல."

"அவன் அதை வீட்டில வெச்சுச் செய்யேல்லைதானே? அதிலயே அவன்ர மனிசி தப்பியிருக்கும்," என்றார் ஆறுமுகநாதன். அவருக்கும் அவ்வப்போது உண்மை தெரியும்.

இருவரும் சேர்ந்ததும் வேலை இரண்டு மடங்கு மெதுவாயிற்று. ஒருவர் புத்தகத்தைப் பார்ப்பார், மற்றவன் போனைப் பார்ப்பான். எஞ்சினைப் பார்க்க ஆளில்லை. புத்தகம் இப்படிச் சொல்கிறது என்பார் இவர். அது வேற மொடல் மச்சான் என்பான் அவன். டீச்சர் பிளேன்டீயும் அவித்த பலாக்கொட்டையும் கொண்டுவந்து வைப்பாள். இரண்டு பேரும் எண்ணெய்க் கையைத் துடைக்காமலே எடுத்துத் தின்பார்கள். "இந்த மனுசருக்கு வயித்தால போகாம இருக்கிறதே முத்துமாரியம்மன் கிருபை," என்று அவள் ஜெஸ்லாவிடம் சொன்னாள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஆறுமுகநாதன் படித்த மனுஷன், ஆனால் நாட்காட்டியைப் பார்க்காமல் ஒரு ஆணிகூடத் திருப்ப மாட்டார். நல்ல நேரத்தில்தான் கழற்றினார். லேத்துக்குக் கொண்டுபோனதும் நல்ல நேரத்தில்தான். லேத்காரன் கதவைப் பூட்டிக்கொண்டு சோறு தின்னப் போனதும் அதே நல்ல நேரத்தில்தான்.

ஒரு நாள் டீச்சர் பொறுக்க முடியாமல் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"பவாஸ் தம்பி சொன்ன அந்த பாஸைக் கூப்பிடுங்க. கெஞ்சிக் கேக்கிறேன்."

"என்னில நம்பிக்கை இல்லையே?"

"நம்பிக்கை இருக்கு. கார்தான் இல்ல."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது.

"நான் வேற என்னத்துக்கு இருக்கிறன், மீனா? உம்மை ஏத்தி இறக்கிறதுதானே என்ர வேலை. அந்தக் காரையும் வேற ஒருத்தன்தான் செய்யவேணும் எண்டா, நான் வீட்டில கோழியே மேய்க்கிறது?"

டீச்சருக்குக் கோபம் வந்தது. திட்டினால் பாவம். திட்டாவிட்டால் கார் இல்லை. "கோழியாவது முட்டை போடும்," என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொங்கலுக்கு முதல் நாள் லேத்திலிருந்து ஹெட் வந்தது. முகம் சீவி, கண்ணாடி மாதிரி. அதைக் கீறல் படாமல் வைக்க வேண்டும் என்று, சீவிய முகம் மேலே பார்க்கப் பழைய மேசையில் துணி விரித்து வைத்தார் ஆறுமுகநாதன். பெட்ரோல் தொட்டுத் துடைத்தார், பிறகும் துடைத்தார். "இதில ஒரு தலைமயிர் கிடந்தாலும் பிடிக்காது. தூசி ஒண்டும் இருக்கக் கூடாது. விளங்குதே?" என்று இந்திரகுமாரை வெருட்டினார். ஒருவரும் கிட்டப் போகவில்லை.

பொங்கலன்று விடிய மழை விட்டது. முற்றத்தில் மூன்று கல் வைத்து, பானை ஏற்றி, பால் பொங்கியதும் டீச்சரின் மனசும் கொஞ்சம் பொங்கித் தணிந்தது. வருஷப் பிறப்பு மாதிரி அவளுக்கு அந்த நாள். கோபத்தோடு அதைத் தொடங்கினால் வருஷம் முழுக்கக் கோபம் என்று ஒரு நம்பிக்கை. ஜெஸ்லா வீட்டுக்கு ஒரு சட்டி பொங்கல் கொடுத்தனுப்பினாள். பிறகு வழக்கம்போலச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, குங்குமச் சிமிழோடு தட்டில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். தலைவாசலுக்கு, அலமாரிக்கு, தையல் மெஷினுக்கு, தண்ணீர்ப் பைப்புக்கு. அவள் தகப்பன் லயத்து வாசலில் மண்வெட்டிக்கும் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் பொட்டு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கொட்டகைக்கும் வந்தாள். காரைப் பார்த்தாள். வாய் பிளந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் மேசைமேல் ஹெட் பளபளவென்று முகம் காட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளும் அவள் வாயால் எவ்வளவு சாபம் வாங்கிய சாமான் அது! பாவம், அது என்ன செய்யும்? மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து, அந்த மினுங்குகிற முகத்தில், நெற்றி இருக்கும் இடம் என்று அவளுக்குப் பட்ட இடத்தில், பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமமும் வைத்தாள். "ஓடித் தொலை," என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம் நல்ல நேரம் இருக்கிறது, ஹெட்டை ஏற்றிவிடுவோம் என்று ஆறுமுகநாதன் பரபரத்தார். புது ஒயில் வாங்க இந்திரகுமார் டவுனுக்குப் போனவன், மிளகாய் விலை விசாரித்து, சிநேகிதன் ஒருத்தனைக் கண்டு, திரும்பி வரக் காணோம். நேரம் போகிறது. அவர் தனியாகவே புதுக் கேஸ்கட்டை வைத்து, ஹெட்டைத் தூக்கப் போனார். அப்போதுதான் பொட்டைக் கண்டார். கையில் பெட்ரோல் துணி இருந்தது. குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். டீச்சர் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். துணியை மேசையில் வைத்துவிட்டு, ஹெட்டைத் தூக்கிக் கவிழ்த்து ஏற்றினார்.

சனிக்கிழமை காலை, லேன் முழுக்கக் கொட்டகை வாசலில். நல்ல நேரம் முடிவதற்குள் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று ஆறுமுகநாதன் வேர்த்து விறுவிறுத்துக் கடைசி நட்டை இறுக்கினார். டீச்சர் சூடம் காட்டி, நான்கு சில்லுக்கும் எலுமிச்சங்காய் வைத்தாள். பவாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜெஸ்லா மதிலுக்கு மேலே.

சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி திருப்பினார். பிடித்துக்கொண்டது!

"ஓடுது! மச்சான், ஓடுது!" இந்திரகுமார் குதித்தான். பவாஸ்கூடக் கையைத் தட்டிவிட்டான். ஆறுமுகநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டீச்சரைப் பார்த்த பார்வையில், நாவலப்பிட்டி மலையையே குடைந்து ரயில் விட்டவர் மாதிரி ஒரு பெருமை. டீச்சருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சொல்லிவிடலாம், திங்கட்கிழமை அதிபரிடம் போய், நான் இங்கேதான் சேர் என்று சொல்லிவிடலாம்.

அப்போது பின்னாலிருந்து புகை வந்தது. முதலில் நூல் மாதிரி. பிறகு வெள்ளையாக, தடிப்பாக, நிற்காமல். கொட்டகை மறைந்தது. மதில் மறைந்தது. ஜெஸ்லாவும் மறைந்தாள். லேன் முனையில் யாரோ, "டெங்கு மருந்து அடிக்கிறாங்க, ஜன்னலை மூடுங்க!" என்று கத்தினார்கள். புகைக்குள்ளிருந்து பவாஸின் இருமல் கேட்டது.

"தண்ணி உள்ளுக்குப் போகுது சேர். நிப்பாட்டுங்க. நிப்பாட்டுங்க!"

நிறுத்தினார். எலுமிச்சங்காய்கள் நசுங்காமல் அப்படியே இருந்தன.

பின்னேரம் மறுபடி தூறல். எஞ்சின் சூடு ஆறியதும், மச்சான்மார் இருவருமாக ஹெட்டைக் கழற்றினார்கள். சாண் ஏற முழம் சறுக்கின கதை என்று சொல்வார்கள். இங்கே ஏறிய சாணையே காணவில்லை. இந்திரகுமார்தான் ஹெட்டைப் புரட்டினான். புரட்டினவன் குனிந்து, மோந்து பார்த்து, நிமிர்ந்தான்.

"மச்சான். இது சந்தனம்."

வட்டமாக, காய்ந்து கட்டியாகி, நடுவில் சிவப்போடு, தண்ணீர் ஓடுகிற துவாரத்துக்கும் சிலிண்டருக்கும் சரியாக இடையில். அந்த இடத்தில் கேஸ்கட் படியவே இல்லை. தண்ணீர் வழி எடுத்து ஓடிய தடம் பக்கத்திலேயே இருந்தது.

டீச்சர் வாசலில் நின்றாள்.

"ஐயோ. நான் வெச்ச பொட்டு." பிறகு ஏதோ உறைத்து, புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே ஏத்துனீங்க? பாக்கலியா?"

ஆறுமுகநாதன் மண்ணைப் பார்த்தார்.

"பாத்தனான்."

"பாத்தீங்களா! தலைமயிர் கெடந்தாலும் புடிக்காதுன்னு குதிச்ச மனுசன், இவ்வளவு பெரிய பொட்டைப் பாத்துட்டா ஏத்துனீங்க?"

"ஓம்."

"துடைச்சிருக்கலாமே! எப்பவும் கையில துணிதானே!"

"வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம்." அவர் குரல் தாழ்ந்தது. "நீர் வெச்ச பொட்டு. அதை என்ர கையால எப்பிடி அழிக்கிறது, மீனா? நசிஞ்சு போயிடும் எண்டு நினைச்சன்."

இந்திரகுமார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனைப் பார்த்தான். அதில் பாகிஸ்தான்காரன் இன்னும் எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தான்.

"கலியாணம் கட்டுன நாள்லேருந்து," டீச்சர் தொடங்கினாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "கலியாணம் கட்டுன நாள்லேருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கீங்களா? பாஸைக் கூப்பிடுங்கன்னேன், கேக்கல. இடியப்பத் தட்டைத் தொடாதீங்கன்னேன், கேக்கல. உள்பாவாடையைக்கூட விட்டு வைக்கல. மதிக்க வேண்டியதையெல்லாம் விட்டுட்டு, போயும் போயும் ஒரு பொட்டுக்கா மரியாதை குடுத்தீங்க? என்ன மனுசங்க நீங்க!"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருமுறை நசிந்த கேஸ்கட்டை மறுபடி வைக்க முடியாது. புதுசு மாத்தளையில் இல்லை, கண்டியில்தான் வாங்க வேண்டும். மறுநாள் ஞாயிறு, கடை பூட்டு. ஞாயிறு முழுக்க அந்த வீட்டில் சட்டி பானைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை என்று ஜெஸ்லா எல்லாருக்கும் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியுமுன் டீச்சர் சேலை கட்டி, குடையும் பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். என்ன சொல்வதென்று தீர்மானம் பண்ணியாயிற்று. கார் ஓடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பார்த்தால், பக்கத்துச் சீட்டில் ஆறுமுகநாதன் வந்து அமர்கிறார். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் கறுப்பு.

"நீங்க எங்க வாறீங்க?"

"உம்மைக் கொண்டுபோய் விட."

"பஸ்ஸு கொண்டுபோய் விடும். நீங்க போயி காரைப் பாருங்க."

"பஸ் பாதியில இறக்கிப்போடும். மிச்சத்துக்கு ஆள் வேணாமே?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மண் சரிந்த இடத்தில் பஸ் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. ஏற்றம் முழுக்கச் சிவப்புச் சேறு. தேயிலைக்குள்ளே புகார் இறங்கியிருந்தது. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள், "டீச்சரம்மா, பாத்து வாங்க," என்று சொல்லிக்கொண்டு ஆடுகள் மாதிரி லேசாக ஏறிப் போனார்கள். ஆறுமுகநாதன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வழுக்குகிற இடமெல்லாம் முன்னால் போய்க் காலை ஊன்றி, கையை நீட்டினார். முதலில் அவள் பிடிக்கவில்லை. இரண்டாவது இடத்தில் வழுக்கியது. அதற்குப் பிறகு பிடித்தாள். பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது அவருக்கு முழங்கால்வரை சேறு, அவளுக்குச் சேலைக் கரையில் மட்டும்.

பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"சேர், டீச்சர்ட காரு எங்க?"

"வீட்டில," என்றார் ஆறுமுகநாதன் மூச்சு வாங்கிக்கொண்டு. "இடியப்பத் தட்டில இருக்கு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அதிபர் ஒபிஸிலிருந்து இறங்கி வந்தார்.

"டீச்சர், வந்ததும் கேக்கிறேன்னு நெனைக்காதீங்க. வலயத்துக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும்."

டீச்சர் அவரைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஐந்தாம் வகுப்பைப் பார்த்தாள். வாசல் கல்லில் உட்கார்ந்து சப்பாத்துச் சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"பரீட்சை முடியிற வரைக்கும் நான் இங்கதான் சேர்."

ஆறுமுகநாதனின் குச்சி நின்றது. எழுந்தார். தேத்தண்ணிக் கடைப் பக்கம் கால் தானாகத் திரும்பியது.

"எங்க போறீங்க?" டீச்சர் பின்னாலிருந்து கத்தினாள். "அங்க குந்திக்கிட்டு அரசியல் பேச வேணாம். நேரா கண்டிக்குப் போயி கேஸ்கட்டை வாங்கிக்கிட்டு, ஸ்கூல் விடுற நேரத்துக்கு இங்க வந்து நில்லுங்க."

"ஓம்."

"வாங்கிட்டு நேரா வரணும். ஹெட்டைத் தொடக் கூடாது. வீட்டுக்கு வந்து அந்தப் பொட்டை நான் துடைக்கிறேன்."

"ஓம்," என்றார். இறங்கி நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பினார்.

"இண்டைக்கு நாள் எப்பிடி எண்டு பாக்கேல்லை மீனா. துடைக்க நல்ல நேரம் எத்தனை மணிக்கு?"

டீச்சர் குடையை ஓங்கினாள்.